இல்மேட்டிக்: ஒரு ஹிப் ஹாப் ஆல்பம் கிளாசிக் ஆன விதம்

ஹிப் ஹாப் இசையின் முதல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆல்பம் பெரிதாகப் பேசப்பட்டதில்லை. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தைத்தான் இந்த இசையின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அது ஆடுவதற்கான இசை. இசைத்தட்டில் பதிவாகத் தொடங்கிய பிறகும் தனிப்பாடல்களாகத்தான் விற்றது. ஹிட்டான இரண்டு பாட்டுடன் இன்னும் ஆறேழைச் சேர்த்துக் கட்டினால் ஆல்பம் தயார். 1987இல் எரிக் பி, ரக்கீம் இணையின் ‘பெய்ட் இன் ஃபுல்’, 1988இல் பப்ளிக் எனிமியின் ‘இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்’ ஆகியவை வந்த பிறகே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை சேர்த்துக் கேட்க வேண்டிய படைப்பு ஆல்பம் என்ற எண்ணம் வேரூன்றியது. எது கிளாசிக் என்ற வாக்குவாதமும் அதையொட்டியே சூடுபிடித்தது. அந்த வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி ஓர் ஆல்பத்தில் வந்து நிற்கும்: 1994 ஏப்ரல் 19 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட, ராப் பாடகர் நாஸின் ‘இல்மேட்டிக்’.

அப்போது நாஸுக்கு வயது 20. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்புக்கு ஏற்கெனவே ஓர் இசை வரலாறு இருந்தது. பழைய பாட்டிலிருந்து ஒற்றை டிரம் அடியைத் தனியே பிரித்தெடுத்துப் புதுத் தாளம் கட்டும் வித்தையை 1980களின் நடுவில் பரப்பிய மார்லி மார்ல் அந்த ஊர்க்காரர்தான்.

இந்தத் தொழிலின் மையக் கருவி சாம்ப்ளர். பழைய இசைத்தட்டின் சில நொடிகளைப் பதிந்துகொண்டு, பொத்தானைத் தட்டும்போதெல்லாம் திரும்ப ஒலிக்கும் எந்திரம் அது. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் மொத்தமே 10 நொடி அளவு ஒலிதான் கொள்ளும். எனவே 33 சுற்று வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, பிறகு எந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்தார்கள். இடம் மிச்சமானது. கூடவே ஒலியில் ஒரு சொரசொரப்பும் ஏறிக்கொண்டது. அந்தச் சொரசொரப்பே அந்தக் காலத்து நியூயார்க் ஹிப் ஹாப்பின் அடையாளமானது.

‘இல்மேட்டிக்’கில் உள்ள ‘என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்’ பாட்டைக் கூர்ந்து கேட்டால் இந்த வேலை விளங்கும். தயாரிப்பாளர் டிஜே பிரீமியர் அதற்கு எடுத்தது ஜோ சேம்பர்ஸின் 1978ஆம் ஆண்டு ஜாஸ் பதிவொன்றிலிருந்து ஒரு சிறு பியானோத் துண்டு. (சேம்பர்ஸ் டிரம்ஸ் கலைஞராகவே பெயர் பெற்றவர், அந்தப் பதிவில் பியானோ வாசித்திருந்தார்.) தாழ்ந்த சுரத்தில் உருளும் அந்தத் துண்டு சுழன்று சுழன்று வருகிறது, பாட்டு முழுவதும் அதிலிருந்து விலகுவதே இல்லை. தொடக்கத்தில், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என நாஸ் முணுமுணுப்பது கேட்கும். அது நடிப்பல்ல என்றும், முதல் பகுதியை அவர் ஒரே மூச்சில் பாடி முடித்தார் என்றும் பிரீமியர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒத்திகையின் பளபளப்பு ஏறாத அந்தப் பதிவை அப்படியே விட்டுவைத்ததில்தான் தயாரிப்பாளரின் தேர்ச்சி தெரிகிறது.

ஒற்றைத் துண்டோடு நிற்கும் இந்தச் சிக்கனத்துக்கு ரசனை மட்டும் காரணமல்ல. பப்ளிக் எனிமி காலத்தில் ஒரே பாட்டில் பல பதிவுகளின் துண்டுகளை அடுக்கடுக்காகக் குவிக்க முடிந்தது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகர் மீதான வழக்கில், அனுமதியின்றிச் சாம்ப்ளிங் செய்வது காப்புரிமை மீறல் என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதியும் பணமும் தேவைப்பட்டன. ஒன்றிரண்டு துண்டுகளைத் தேர்ந்தெடுத்து அவற்றிலேயே முழுப் பாட்டையும் நிறுத்தும் முறைக்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னணி இவ்வளவு மெலிதாக இருக்கும்போது சொல்தான் பாரத்தைச் சுமக்க வேண்டும். ராப்பில் நான்கு தட்டு ஓர் அடி. தொடக்க காலப் பாடகர்கள் அடியின் கடைசிச் சொல்லில் இயைபு வைத்து, அதோடு வாக்கியத்தையும் முடித்துவிடுவார்கள். ரக்கீம் இயைபை அடியின் நடுவிலும் கொண்டுவந்தார். நாஸ் அதை இன்னும் நீட்டினார். வாக்கியம் அடுத்த அடிக்குள் வழிந்து ஓடும்; ஓசை ஒப்புமை ஒரு சொல்லோடு நில்லாமல் மூன்று நான்கு அசைகளுக்குத் தொடரும்; ஆனாலும் பேச்சின் இயல்பு கெடாது. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் கடினம் புரியும்.

சொல்லும் விஷயத்திலும் அதே கட்டுப்பாடு உண்டு. கியூ-டிப் தயாரித்த ‘ஒன் லவ்’ சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த பாட்டு. தெருவில் யார் என்ன ஆனார்கள், பிறந்த குழந்தை யார் சாயல் என்பது போன்ற செய்திகள் அடுக்கி வருகின்றன. வன்முறையைப் பற்றி இதைவிட உரக்கப் பேசிய ஆல்பங்கள் அந்த ஆண்டுகளில் ஏராளம். கடித நடையின் தணிந்த குரலுக்கு முன்னால் அவற்றில் பலவும் இன்று இரைச்சலாகவே தோன்றுகின்றன.

முன்னுரைத் துண்டு ஒன்று, பாட்டுகள் ஒன்பது. மொத்தம் 40 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சிடி வந்த பிறகு 70 நிமிடத்தை நிரப்பியே தீர வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்தது. நல்ல பாட்டுகள் அந்த நிரவலில் மூழ்கிப்போயின. இங்கே தாண்டிச் செல்ல வேண்டிய பாட்டு ஒன்றுகூட இல்லை என்பதே ரசிகர்கள் முதலில் சொல்லும் காரணம். விருந்தினராக வந்து ராப் பாடியவரும் ஏஇசட் ஒருவர்தான். அவர் பாடிய பாட்டின் முடிவில் கார்னெட் வாசிப்பவர் நாஸின் தந்தை, ஜாஸ் கலைஞர் ஓலு தாரா. தயாரிப்பாளர்கள் ஐந்து பேர். ஒரு குழுவுக்கு ஒரு தயாரிப்பாளர் என்பது பெரும்பாலும் வழக்கமாக இருந்த நாளில் இது புதுமை. பின்னால் வந்தவர்கள் இதைப் பின்பற்றிப் பெரிய பெயர்களை விலைக்கு வாங்கிக் கதம்ப ஆல்பங்களைச் செய்தார்கள். ஐந்து பேரும் ஒரே வகைப் பழைய ஜாஸ், சோல் தட்டுகளில் தோய்ந்தவர்கள் என்பதால்தான் ‘இல்மேட்டிக்’ சிதறவில்லை என்பதை அவர்கள் கவனிக்கத் தவறினார்கள்.

வெளியான உடனே ‘தி சோர்ஸ்’ இதழ் இதற்கு ஐந்து மைக் கொடுத்தது. நட்சத்திரத்துக்குப் பதில் மைக் படம் போட்டு மதிப்பிடும் அந்த இதழில் அதுவே உச்சம். விற்பனை அந்த வேகத்தில் இல்லை. பில்போர்டு பட்டியலில் 12ஆம் இடத்தில் நுழைந்த ஆல்பம், பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினச் சான்றைப் பெற்றது 2001இல்தான். விற்பனையை வைத்துக் கிளாசிக் என்ற தகுதியை அளக்க முடியாது என்பதற்கு மறுபக்க உதாரணமும் உண்டு: 1992இல் வந்த டாக்டர் டிரேயின் ‘தி க்ரானிக்’ லட்சக்கணக்கில் விற்றது, அதுவும் கிளாசிக்தான். சக கலைஞர்கள் ஓர் ஆல்பத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது இன்னும் நம்பகமான அளவுகோல். 1996இல் ஜே-இசட் தன் ‘டெட் பிரசிடென்ட்ஸ்’ பாட்டில் நாஸின் குரலையே சாம்ப்ளிங் செய்தார். பழைய தட்டுகளை வெட்டி உருவான படைப்பு இரண்டே ஆண்டில் தானே வெட்டுவதற்கான மூலமாகிவிட்டது.

நாஸின் இரண்டாவது ஆல்பம் ‘இட் வாஸ் ரிட்டன்’ 1996இல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்து, முதலாவதைவிடப் பல மடங்கு விற்றது. இருந்தும் முதல் ஆல்பத்துக்கு ஈடில்லை என்ற குறை அதைத் துரத்தியது. அதன் பின் வந்தவற்றையும் துரத்தியது. அவருக்கு முதல் கிராமி விருது ‘கிங்ஸ் டிசீஸ்’ ஆல்பத்துக்காக 2021 மார்ச்சில் கிடைத்தது. அதே மாதம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ‘இல்மேட்டிக்’கைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1938ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றும், கெர்மிட் என்ற பொம்மைத் தவளை பாடிய பாட்டும் அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்தன.