வண்டி ஏன் இவ்வளவு குடிக்குது?

இந்த இதழில் வழக்கமாக மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும்தான் எழுதுவேன். இந்த முறை எங்கள் பழைய வேனைப் பற்றி எழுதுகிறேன். விளைவித்ததை நாமே கொண்டுபோய் விற்கிறோம் என்றால், வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலும் சாகுபடிச் செலவுதானே?

நெமிலிச்சேரி, பாக்கம், திருநின்றவூர் பக்கம் மனைகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் நிலத்தில் ஆறு குடும்பங்கள் இயற்கை வழியில் கீரையும் காய்கறியும் போடுகிறோம். வாரம் மூன்று நடை, 2009 மாடல் ஆம்னி வேனில் ஆவடி, அம்பத்தூர், பாடி வழியாக அண்ணா நகர் வரை வீடுவீடாகக் கொடுத்துத் திரும்புவோம். ஒரு நடைக்கு 70 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி அது.

போன ஐப்பசியில் கணக்கு பார்க்க உட்கார்ந்தோம். வாரம் 1,400 ரூபாய் ஆகிக்கொண்டிருந்த பெட்ரோல் செலவு 2,100ஐத் தொட்டிருந்தது. கீரை போடும் அக்கா கேட்டார், "வண்டிக்கே எல்லாம் போயிடுச்சுன்னா எங்களுக்கு என்னண்ணே மிஞ்சும்? பேசாம கமிஷன் மண்டிக்கே போட்டுடலாம்." வாரம் 700 என்றால் வருஷத்துக்கு 36,000 ரூபாய்க்கு மேல். அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு மாசம் டைம் கேட்டேன்.

முதலில் அளந்து பாருங்கள்

ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். "இன்ஜின் வேலை பார்க்கணும்" என்றார் ஒருவர். "டேங்கில ஒரு பாட்டில் மருந்து ஊத்துங்க, மைலேஜ் ஏறும்" என்றார் இன்னொருவர். இலை மஞ்சளானதும் பூச்சிமருந்துக் கடையில் போய் நின்ற அந்தக் காலம்தான் ஞாபகம் வந்தது. மஞ்சளுக்குத் தழைச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம், வேரில் தண்ணீர் தேங்கியதும் காரணமாக இருக்கலாம். தெரியாமல் எதையும் ஊற்றக்கூடாது என்பதை நிலத்தில் கற்றோம். வண்டிக்கும் அதே நியாயம்தான்.

பெட்ரோல் முள்ளை நம்பாதீர்கள். ஒரே பங்கில் நாஸில் தானாக நிற்கும்வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க வழக்கம்போல ஓட்டுங்கள். திரும்ப அதே பங்கில் அதேபோல நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். எனக்கு முதல் வாரம் 212 கிலோமீட்டருக்கு 20.8 லிட்டர். அடுத்த வாரமும் ஏறக்குறைய அதே. அதாவது லிட்டருக்கு 10 தான். சந்தேகம் உண்மையாயிற்று.

எத்தனால்தான் காரணமா?

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மீதுதான். கரும்பையும் அரிசியையும் மக்காச்சோளத்தையும் எரிபொருளாக்குவதில் தண்ணீர் பற்றியும் உணவு பற்றியும் நமக்குள்ள கேள்விகள் தனி. மைலேஜ் கணக்கை மட்டும் பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் மொத்தத்தில் 7 சதவீதம் குறையும். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையும், பழைய வடிவமைப்பில் வந்த நாலு சக்கர வண்டிகளுக்கு 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றே சொல்கிறது.

15-இல் 7 சதவீதம் போனால் 14 நிற்க வேண்டும். அதற்கு முன்பும் 10 சதவீதம் கலந்த பெட்ரோலைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம் என்பதால், இழப்பு இன்னும் குறைவாகத்தான் இருக்கும். 10-க்கு இறங்கியதை எத்தனால் மேல் போட முடியாது. வேறு ஏதோ இருக்கிறது.

நோட்டு சொன்ன சாட்சி

வரவு செலவு நோட்டை முன்னால் புரட்டினேன். செலவு இரண்டு படியாக ஏறியிருந்தது. புரட்டாசி மூன்றாம் வாரம் ஒரு ஏற்றம். மழை பிடித்த பிறகு இன்னொரு ஏற்றம். ஆக காரணமும் ஒன்றுக்கு மேல் இருக்கலாம். புரட்டாசியில் என்ன நடந்தது? ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, பட்டறையில் மாற்றினோம். இது தெரிந்தும், காசு செலவில்லாததை முதலில் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன்.

ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன். காலையில் ஈரமும் இல்லை, பெட்ரோல் வாடையும் இல்லை. ஒழுக்கு இல்லை. (வாடை வந்தால் பீடி, தீக்குச்சி பக்கமே போகக்கூடாது.)

டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவைவிட 8 குறைவாக இருந்தது. இது என் சோம்பேறித்தனம்.

அடுத்து, சமதளத்தில் நியூட்ரலில் போட்டுத் தள்ளிப் பார்த்தோம். ஒரு ஆள் தள்ளினால் நகரும் வண்டிக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது. பத்து கிலோமீட்டர் ஓட்டி, அதிகம் பிரேக் போடாமல் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டினேன். தொடக்கூடாது, சுட்டுவிடும். பின்பக்க இடது சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. தேங்கிய மழைத் தண்ணீரில் ஓட்டிவிட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தே நிறுத்தி வைப்பேன். கேபிள் துருப்பிடித்து, பிரேக் முழுசாக விடவில்லை. மழைக்காலத்து ஏற்றம் இதுதான். கேபிள் மாற்றி, காற்றும் சரியாக அடித்ததும் லிட்டருக்கு 12 வந்தது.

பிளக் காட்டிய கறுப்பு

மிச்சம்? மெக்கானிக் தம்பியிடம் மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொன்னேன். நன்றாக எரியும் இன்ஜினில் பிளக் முனை வெளிர்ப் பழுப்பாக இருக்கும். இங்கே மூன்றும் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது என்று அர்த்தம். ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கோளாறு. மூன்றுமே கறுத்தால் மூன்றுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும். ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தோம், அவ்வளவு மோசமில்லை. ஆயில் குச்சியை முகர்ந்தால் லேசாகப் பெட்ரோல் வாடை.

அப்போதுதான் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளைக் கவனித்தேன். முன்பெல்லாம் பட்டாபிராம் தாண்டுவதற்குள் நடுவுக்கு வந்துவிடும். இப்போது அம்பத்தூர் எஸ்டேட் போனாலும் கீழேயே கிடந்தது. "சூடாகலியே, நல்லதுதானே" என்று நானும் விட்டிருக்கிறேன்!

இன்ஜின் முழுசாக ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தெர்மோஸ்டாட் வால்வு சரியாக இருந்தால் சில நிமிஷம் சில்லென்று இருந்து, பிறகு சட்டென்று சுடும். எங்கள் வண்டியில் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. வால்வு இருக்கும் கூட்டைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. ஹோஸ் மாற்றியபோது எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

தம்பி சிரித்தார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குன்னு நிறைய பேர் எடுத்துடுவாங்க சார்."

அங்கேதான் தப்பு. அந்த வால்வுக்குள் இருக்கும் மெழுகு, தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டிச் சூடானதும் விரிந்து வழி திறக்கும். அதுவரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினைச் சூடேற விடும். வால்வு இல்லாவிட்டால், நாங்கள் நின்று நின்று போகிற வேகத்துக்கு இன்ஜின் சூடாவதே இல்லை. வண்டியின் கம்ப்யூட்டர் "இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது" என்று கூடுதலாகப் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாதது பிளக்கில் கரியாகவும், ஆயிலில் கலப்படமாகவும் சேரும். நாளடைவில் இன்ஜினே தேயும்.

புது வால்வு சில நூறு ரூபாய்தான். மாட்டுமுன் வீட்டில் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுச் சூடேற்றிப் பார்த்தோம், விதைக்குமுன் முளைப்புத்திறன் பார்ப்பதுபோல. கொதிக்குமுன்பே திறந்தது, ஆறியதும் மூடியது. அதை மாட்டி, ஆயிலையும் மாற்றினோம். (சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்.)

அடுத்த வாரம் 214 கிலோமீட்டருக்கு 15.1 லிட்டர். லிட்டருக்கு 14.2. பழைய 15 திரும்பவில்லை. வண்டிக்கும் வயசாகிறது, எத்தனாலும் தன் பங்கை எடுக்கிறது. ஆனால் கணக்கு நேரானது. மண்டிப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது வண்டிக்குள் தனி நோட்டு ஒன்று தொங்குகிறது. லிட்டர், கிலோமீட்டர், அன்றைக்குப் பார்த்த வேலை, மூன்றும் அதில் ஏறும். அந்த நோட்டை வைத்திருப்பது யார் தெரியுமா? அந்தக் கீரை அக்காதான். போன வாரம் கேட்டார், "அண்ணே, 14-லேர்ந்து 13 ஆயிருக்கே, காத்து அடிச்சீங்களா?"

அடிக்கவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய் அடித்தேன்.