மன்னார்க் காற்றும் மன்னார் மக்களும்

மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2020 ஆம் ஆண்டின் இறுதியில் திறந்துவைக்கப்பட்ட இந்நிலையத்துக்குத் 'தம்பபவனி' என்று பெயர். ஏறத்தாழ 100 மெகாவற் மின்சாரத்தைப் பிறப்பிக்கும் வலு அதற்குண்டு. சோழகம் பெயர்ந்துவிட்டால் அவை ஓயாது சுழலும். எரிபொருள் வாங்கப் பணமின்றி 2022 இல் நாடு நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்ததை மறவாத எவருக்கும் இது மகிழ்ச்சியூட்டும் காட்சியே.

ஆயினும், மேலும் காற்றாலைகள் வேண்டா என்று 2025 ஆகஸ்டில் அதே மன்னார் மக்கள் வீதியிலே திரண்டனர். வேலைகள் ஒரு மாத காலம் நிறுத்திவைக்கப்பட்டன. இவர்கள் முன்னேற்றத்துக்குப் பகைவர் எனத் தூரத்திலிருந்து சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. காற்றாலைக்கென இட்ட வீதிகள் மழைநீர் கடலுக்கு வடியும் வழியை மறித்து, மாரியில் வெள்ளத்தை வீட்டுக்குள் கொணர்கின்றன என்பது அவர்களது முறைப்பாடு. கரையோரத்தில் மீன்படுவது குறைந்துவிட்டதென்கின்றனர் மீனவர். வடதிசையிலிருந்து ஆண்டுதோறும் வரும் பறவைகளைப் பற்றிய கவலையும் உண்டு. இவற்றுள் எவை மெய், எவை ஐயம் என்பதை அளந்தறியலாம். அந்த அளவையை ஊரவர் கண்முன்னே செய்தாலன்றோ அவர்கள் நம்புவர்?

இதில் மற்றொரு பக்கமும் உண்டு. உலகக் கடல்மட்டம் 1900 இன் பின்னர் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்துள்ளது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் புவி சூடேறுவதே இதற்குத் தலையாய காரணம். மன்னாரோ தாழ்ந்த மணற்றீவு. காற்றாலையை மறுக்கும் அதே குடும்பங்களின் வாசலுக்கே கடல் முதலில் வரும். இதனை அவர்களோடு அமர்ந்து பேசியவர் எத்தனை பேர்? சுவரொட்டியிலும் மேடையிலும் பேசுவதைப் பேச்சென்று நாம் கொள்வதில்லை. வாசிகசாலையிலும் மீனவர் சங்கத்திலும், தூண் நாட்டுவதற்கு முன்பே, இருதரப்பும் கேட்டும் விடையளித்தும் பேச வேண்டும். பொறியியலாளரிடம் வரைபடம் உண்டு. எந்தப் பள்ளத்தால் வெள்ளம் ஓடும் என்பதை ஊர்ப் பெரியவரே அறிவார்.

கணக்கும் பேசப்பட வேண்டும். அங்கு பிறக்கும் மின்சாரம் நாடெங்கும் செல்கிறது. மன்னார் வீட்டார் செலுத்தும் கட்டணமோ ஏனையோர் செலுத்தும் அதே கட்டணம். ஊருக்கு ஒரு பங்கு வேண்டுமெனக் கேட்பது பிழையாகுமா?

உயர்தர வகுப்பு மாணவர் இதிலே பெருந்துணை புரியலாம். மழை விட்ட மறுநாள் ஊரைச் சுற்றி, நீர் தேங்கிய இடங்களையும் அதன் ஆழத்தையும் திகதியோடு குறித்துக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லட்டும். அடுத்த மாரிக்கு இன்னும் நாளிருக்கிறது.