ஏர்கோன் வாங்குமுன் சுவரைப் பாருங்கள்



ஜார்ஜ் டவுனில் மின்சாரப் பொருள் விற்கும் கடைகளின் பக்கம் போனால், ஏர்கோன் விலைப் பலகைகள் கண்ணில் படாமல் போகா. ஒரு குதிரைத் திறன், இத்தனை வெள்ளி, பொருத்துக்கூலி இலவசம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். அதன் கீழே, பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். குழாய் பத்து அடி வரைதான் என்பது அந்த வரி. இன்று நாம் பேசப் போவது அந்தப் பொடி எழுத்தைப் பற்றித்தான்.

தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஏர்கோன் என்பது நேற்று வரை கிராணியார் அலுவலகத்துப் பொருள். நமக்கு ரப்பர் மரத்து நிழலே போதுமானதாக இருந்தது. சேமநிதிப் பணத்தை எடுத்துப் பட்டணத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியபின்தான், கான்கிரீட் சுவர் பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவு முழுவதும் எப்படித் திருப்பிக் கொடுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டோம்.

இந்தக் கருவி முதலில் மனிதனுக்காகச் செய்யப்பட்டதன்று. 1902-இல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ண அச்சு விலகிப் போயிற்று. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வகுத்த ஏற்பாடே இன்றைய ஏர்கோனின் மூதாதை. பினாங்கிலும் கதை ஏறக்குறைய அதுதான். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கிய பிறகு, தொழிற்சாலைப் பஸ் ஏறிப் போன பெண்பிள்ளைகள் பலர் அங்கேதான் முதன்முதலாகக் குளிர்க்காற்றில் நின்றார்கள். அந்தக் குளிரும் மின்னணுப் பொருள்கள் கெடாமலிருப்பதற்காக வைக்கப்பட்டதுதான்!

இனி, செலவுக்கு வருவோம். ஏர்கோன் என்பது ஒரு பெட்டியன்று, இரண்டு பெட்டிகள். அறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று. இரண்டுக்கும் நடுவே செம்புக் குழாயில் ஒரு வாயு ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வெப்பத்தைத் தூக்கிக்கொள்கிறது. வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறது. சுமை தூக்குகிறவன் நடக்கும் தூரம் கூடினால் கூலியும் கூடுமல்லவா? அதுபோல, உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையிலுள்ள தூரமே பொருத்துக்கூலியின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றோம். ஆயர் ஈத்தாம் பக்கம் மேல்மாடி வீடு எங்களுடையது. பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்த அம்மா, இரவில் தூங்க முடியாமல் தரையில் தண்ணீர் தெளித்துப் படுப்பதைப் பார்த்து, 2019-இல் 999 வெள்ளிக்கு ஒரு பெட்டி வாங்கினோம். பொருத்த வந்தவர்கள் நடைபாதைப் பக்கம் வெளிப்பெட்டி வைக்க முடியாது, பின்சுவருக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். குழாய் 26 அடி ஆயிற்று. கூடுதலான 16 அடிக்கு, அடிக்கு 25 வெள்ளி வீதம் 400. மின்பெட்டியிலிருந்து தனிக் கம்பி இழுக்க 220. தாங்கிச் சட்டம் 60. சுவர் துளைத்து, குழாயை மூடி மறைக்க 90. ஆக 770 வெள்ளி! அட்டைப் பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, அம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? அந்த நேரத்தில் யாராலும் முடியாது. கணக்கைக் கேட்க வேண்டியது அதற்கு முன்னால்.

அதோடு முடியவில்லை. ஐந்து மாதத்தில் உள்பெட்டியில் பனி கட்டித் தண்ணீர் சொட்டியது. வாயு தீர்ந்துவிட்டது என்று 120 வெள்ளிக்கு நிரப்பினார்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் அதே கதை, மீண்டும் 120. நேயர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏர்கோனின் வாயு, அடுப்பு வாயுவைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய குழாயில் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டை வாளியில் பால் ஊற்றுவதற்குச் சமம். வேறொரு தொழிலாளர் வந்து குழாய் இணைப்பைப் பிரித்துப் பார்த்தபோதுதான், அது சரியாக முடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அதைச் சீராக்க 350. மொத்தம் கூட்டிப் பாருங்கள்: 999 வெள்ளிப் பெட்டிக்கு 2,359 வெள்ளி.

நல்ல வேலைக்கு அடையாளம் என்ன? முதலாவது, குழாயைப் பூட்டியபின், வாயுவைத் திறக்குமுன், உறிஞ்சும் பம்பு வைத்து உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். கழுவாத வாளியில் புதுப்பால் ஊற்றினால் என்ன ஆகும் என்று பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குழாய்க்குள் தங்கிய ஈரமும் அப்படித்தான் கருவியைக் கெடுக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை இதுவே. ஆகையால் பம்பு கொண்டு வருவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். இரண்டாவது, தண்ணீர் வடியும் குழாய் வழி நெடுகச் சரிவாக இருக்க வேண்டும். வெட்டுக் கோடு சரிவாயிருந்தால்தானே பால் மங்குக்கு இறங்கும்? அப்படியே இதுவும்.

மின்கம்பி விஷயத்தில் மட்டும் காசு பார்க்கக் கூடாது. ஏர்கோனுக்குத் தனிக் கம்பியும் தனி பிரேக்கரும் வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் செருகி ஓட்டுவது வீட்டுக்கு நெருப்பு வைப்பதாக முடியலாம். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரைக் கொண்டே வேலை செய்யுங்கள். இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்கள், வீடு நிர்வாகத்துக்கு உரியது என்பதால், அனுமதி பெற்று, கம்பி தாங்குமா என்றும் கேட்டபிறகே வாங்க வேண்டும்.

பட்டணத்திலும் எல்லாச் சுவரும் ஒன்றன்று. 1960-களின் இறுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள், முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பலகைகளால் ஆனவை. செங்கல் சுவரைத் துளைப்பது போல அவற்றைத் துளைக்கலாகாது. உயர்ந்த மாடியில் வெளிப்பெட்டி மாட்டுவது ஆபத்தான வேலையாதலால் கூலியும் ஏறும். பழைய நகரத்துக் கடைவீடுகளோ, நடுமுற்றமும் உயர்ந்த கூரையும் வைத்துக் காற்றோட்டத்துக்கென்றே கட்டப்பட்டவை. 2008-இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்த வட்டாரத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு முகப்பில் வெளிப்பெட்டி மாட்டுமுன் மாநகராட்சி மன்றத்திலும் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாட்டியதைக் கழற்றுவதும் செலவுதான்.

எவ்வளவு பெரிய பெட்டி தேவை? பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறைக்கு, மணிக்கு ஏறத்தாழ 9,000 பி.டி.யு. வெப்பத்தை வெளியேற்றும் ஒரு குதிரைத் திறன் பொதுவாகப் போதும். மேற்கு வெயில் அடிக்கும் மேல்மாடி அறையென்றால் ஒன்றரை தேவைப்படலாம். பெட்டியில் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரையையும் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் மிகக் குறைந்த மின்சாரம் இழுப்பது.

மாதக் கட்டணம் ஒரு தனிக் கணக்கு. 2025 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த முறையில், 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 44.43 காசு. 200 யூனிட்டுக்குள் இருந்தால் 25 காசு தள்ளுபடி உண்டு. பயன்பாடு ஏற ஏறத் தள்ளுபடி இறங்கும். 1,000 யூனிட்டைத் தாண்டினால் அறவே இல்லை. இப்போது 180 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் சுமார் 35 வெள்ளி கட்டுகிறது. ஏர்கோன் மணிக்கு முக்கால் யூனிட் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரம், 30 நாளுக்கு இன்னும் 180 யூனிட். மின்சாரம் இரட்டிப்பாகிறது, தள்ளுபடி குறைவதால் கட்டணமோ இரு மடங்கையும் தாண்டிவிடுகிறது. பெட்டியை வாங்கிவிட்டுக் கட்டணத்துக்கு அஞ்சித் துணி போட்டு மூடி வைத்திருக்கும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆகவே, முதலில் பொருத்துபவரை வீட்டுக்கு அழைத்துச் சுவரைக் காட்டுங்கள். குழாய் எத்தனை அடி, அடிக்கு என்ன விலை, கம்பிக்கு என்ன, தாங்கிக்கு என்ன, வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பவற்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

எங்கள் வீட்டு ஏர்கோன் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம் விடாத அம்மா, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அதை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து விடுகிறார். எட்டு மணி நேரம் என்று நாம் போட்ட கணக்கு, எங்கள் வீட்டில் ஆறு மணி நேரத்தோடு நிற்கிறது.