வீட்டு மராமத்தும் ஒப்பந்தக்காரரும்

புனே நகரில் பல்லாண்டுகள் வாழ்ந்து, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சொந்த வீடும் வாங்கிவிட்ட தமிழ்க் குடும்பத்தினர், குளியலறையையோ சமையலறையையோ புதுப்பிக்க முற்படும்போதுதான் தமக்கு மராத்தி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பதை உணர்கின்றனர். காய்கறி வாங்கப் போதுமான மொழி, கொத்தனாரோடு கணக்குப் பேசப் போதுவதில்லை.

ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மணலை 'யூனிட்' கணக்கில் வாங்குகிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மகாராஷ்டிரத்தில் அதே அளவுக்குப் பெயர் 'பிராஸ்'. ஆனால் சுவர்ப்பூச்சு போன்ற பரப்பு வேலைகளில் பிராஸ் என்றால் 100 சதுர அடி! ஆகவே, 'பிராஸுக்கு இவ்வளவு' என்று ஒப்பந்தக்காரர் கூறியவுடன், அது கன அளவா பரப்பளவா, கூலி மட்டுமா அல்லது சிமெண்டும் மணலும் சேர்ந்த தொகையா, கதவு சன்னல்களின் பரப்பு கழிக்கப்படுமா என்பவற்றை அப்பொழுதே கேட்டுத் தெளிதல் வேண்டும். கொத்தனாரை இங்கே 'கவண்டி' என்பர், சித்தாள் 'பிகாரி', தச்சர் 'சுதார்'. இடித்த கட்டடக் குப்பைக்கு 'ராடாரோடா' என்று ஓசை நயமிக்க பெயருண்டு. அதனை அகற்றும் செலவு யாருடையது என்று முன்னதாக எழுதிவைக்காத வீடுகளில், கடைசி நாளன்று எழும் சச்சரவும் ஏறத்தாழ அந்த ஓசையில்தான் இருக்கும்.

வேலை தொடங்குமுன் வீட்டுவசதிச் சங்கத்தின் எழுத்துமூலமான அனுமதி இன்றியமையாதது. இச்சங்கங்களிற் பெரும்பாலானவை 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி பதிவானவை. தூணையும் உத்தரத்தையும் தொடும் வேலையாயின், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கலக்காமல் சுத்தியலை எடுக்கவே கூடாது.

நாமும் ஒருமுறை இடர்ப்பட்டோம். குளியலறைத் தரையைப் பெயர்த்துப் புதுப்பிக்க ஒருவரிடம் வாய்மொழியாக ஒப்படைத்தோம். எதைக் கேட்டாலும் 'ஹோவூன் ஜாயீல்' என்பார். 'ஆகிவிடும்' என்று பொருள். என்று ஆகும், எவ்வாறு ஆகும் என்பது அச்சொல்லில் இல்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது தோன்றாமற் போனதுதான் வியப்பு! நீர்க்காப்புப் பூச்சு முடிந்த மறுநாளே ஓடு பதித்தார். பணம் முழுவதையும் கொடுத்துவிட்டோம். மூன்று வாரத்தில், கீழ்வீட்டார் விநாயக சதுர்த்திக்காக வெள்ளையடித்திருந்த கூரையில் ஈரம் படர்ந்தது. ஓடுகளை உடைத்து மீண்டும் தொடங்க நேர்ந்தது; இரு வீட்டுச் செலவும் நம்முடையதாயிற்று.

செய்திருக்க வேண்டியது எளிய சோதனைதான். நீர்க்காப்பு வேலை முடிந்து நன்கு இறுகியபின், வடிகுழாயை அடைத்துத் தரையில் நீரைத் தேக்கி, இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். பிறகு கீழ்வீட்டிற்குச் சென்று கூரையைத் தடவிப் பார்க்க வேண்டும். அது காய்ந்திருந்தால்தான் ஓடு பதிக்கலாம். கான்கிரீட் போட்டிருப்பின் அதற்கும் பொறுமை தேவை. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், சாம்பல் முதலியன கலந்த சிமெண்டாயின் 10 நாளும் அதனை ஈரமாக வைத்திருக்க வேண்டுமென இந்தியத் தர விதி கூறுகின்றது. அவசரப்படுத்துபவர் பெரும்பாலும் வீட்டுக்காரரே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தைத் தேதிப்படி அன்றி, முடிந்த வேலைப்படி தவணையாகக் கொடுப்பது நலம். நீர்ச் சோதனை தேறியபின் ஒரு தவணை, ஓடு பதித்தபின் ஒன்று. சிறு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைக்கலாம். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் செல்லும். ஆயினும் அதனை மெய்ப்பிப்பது கடினம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தின்கீழ் 'சேவை'யே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. மராமத்துத் தகராற்றையும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திற்குக் கொண்டுசெல்லலாம். ஆங்கே முதலிற் கேட்கப்படுவது ரசீதுதான்.

இரண்டாம் முறை வேறொரு மிஸ்திரியை அமர்த்தியபோது, வேலைகள், அளவுகள், தவணைகள் யாவற்றையும் மராத்தியில் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். அவர் நிதானமாகப் படித்தார். ஓரிடத்தில் நாம் சதுர அடி என எழுத வேண்டியதைக் கன அடி என எழுதியிருந்தோம். அதனை அடித்துத் திருத்திவிட்டு, கையெழுத்திட்டார்.