கூறு போட்டு விற்ற மீன்காரம்மாவின் கணக்கு

“மீனு... மீனேய்...” என்ற குரல் தெருமுனையில் கேட்டாலே போதும், பூனைகூட வாசலுக்கு வந்துவிடும். தலையில் சும்மாடு, அதன்மேல் அன்னக்கூடை, இடுப்பில் சுருக்குப்பை. தராசெல்லாம் கிடையாது, கூறு போட்டுத்தான் வியாபாரம். கையில் காசு இல்லையென்றால், “நாளைக்குக் குடும்மா” என்று போய்விடுவார் மீன்காரம்மா.

இது நேற்று தொடங்கிய தொழில் அல்ல. மீனைக் கொடுத்து நெல் வாங்கிய செய்தி புறநானூற்றிலேயே உண்டு. ஆண்கள் கடலுக்குப் போக, கரைக்கு வந்த மீனைத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்றவர்கள் பெண்கள்தான்.

இன்று அவர்கள் கணக்கே வேறு. விடியும் முன்பே துறைமுகத்தில் ஏலம். பெரிய வியாபாரிகள் வண்டியோடு நிற்கும் இடத்தில், வட்டிக்கு வாங்கிய பணத்தோடு இவர்களும் போட்டி போட வேண்டும். மீன் விலை, ஐஸ், ஆட்டோ வாடகை, வட்டி எல்லாம் போக மிஞ்சுவதுதான் கூலி. மாலைக்குள் விற்காத மீன் வந்த விலைக்குப் போகும், அல்லது உப்பு போட்டுக் கருவாடாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் வரத்து குறையும், விலை ஏறும். கூடை நிரப்ப இன்னும் அதிக முதல் வேண்டும்.

வாங்கிய மீனை ஊருக்குள் கொண்டுபோவதும் லேசில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில், நாற்றம் அடிக்கிறது என்று மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டது பெரும் சர்ச்சையானது. அதே ஆண்டில் திருவனந்தபுரத்தில், மீன் விற்கும் பெண்களுக்காகவே ‘சமுத்ரா’ என்ற இலவசப் பேருந்து ஓடத் தொடங்கியது.

உட்கார்ந்து விற்க இடம் கிடைப்பதும் போராட்டம்தான். சென்னை லூப் சாலையில் 2023-ல் மீன் கடைகளை அகற்றியபோது மீனவர்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். 2024-ல் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது.

இப்போது செல்போனைத் தட்டினால் கழுவி, துண்டு போட்ட மீன் வீட்டுக்கே வருகிறது. வசதிதான். ஆனால், “இன்னிக்கு வஞ்சிரம் வேணாம்மா, ஐஸ்ல கிடந்தது. சங்கரா எடுத்துக்கோ” என்று எந்த ஆப்பும் சொல்லாது.

அடுத்த முறை மீன் வாங்கும்போது பாருங்கள்: செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை மறுபடி எழும்ப வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், ரொம்பப் பேரம் பேசாதீர்கள். நீங்கள் குறைக்கும் 20 ரூபாய் ஏலக்காரரிடமிருந்தோ வட்டிக்காரரிடமிருந்தோ குறையாது. மீன்காரம்மாவின் கூலியில்தான் குறையும்.