பாலொழிந்த மரக்கறியுணவும் உடல்நலமும்

யாழ்ப்பாணத்தில் சைவச் சாப்பாடு என்றால் மச்சமாமிசம் சேராத சாப்பாடு என்பது யாவரும் அறிந்த பொருள். அச்சாப்பாட்டில் பருப்பின்மேல் நெய் விழும். முடிவில் தயிரோ மோரோ வரும். காலையும் மாலையும் பால்விட்ட தேநீர் உண்டு. பாலும் ஒரு விலங்கிடமிருந்தே வருகின்றது என்ற எண்ணம் சைவ வீட்டார் மனத்தில் எவ்வகை ஐயத்தையும் எழுப்புவதில்லை. திருமுழுக்குக்கு உரிய பொருளாகப் பாலைப் போற்றிவந்த மரபில் அஃது இயல்பே. அப்பாலையும் விலக்கித் தாவரப் பொருள்களை மாத்திரம் உண்ணும் முறை மேனாட்டில் ‘வீகன்’ உணவு எனப்படும். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்திரோல் ஆகியவற்றுக்கு அஞ்சி இம்முறையை நாடுவோர் இந்நாட்டிலும் உளர். பிறப்பிலேயே சைவவுணவினரானவர்க்கு இம்மாற்றம் மிகச் சிறியதாகத் தோன்றும்; இலையிலிருந்து ஒரு பொருள்தானே விலகுகின்றது என்பர். உடலின் கணக்கு வேறு. மரக்கறியுணவினர்க்கு விற்றமின் பி12 வந்துசேரும் வழி பெரும்பாலும் அந்த ஒரு பொருளே.

இம்மாற்றத்தினால் வரும் நன்மையை முதலில் நோக்குதல் தகும். அமெரிக்க மருத்துவர் நீல் பார்ணாட் என்பவரும் அவர்தம் உடனாய்வாளரும் நீரிழிவு நோயாளர் 99 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் கொழுப்புக் குறைந்த வீகன் உணவையும், மற்றப் பிரிவினர் அந்நாட்டு நீரிழிவுச் சங்கம் விதித்த உணவையும் 22 வாரம் உண்டனர். மருந்தின் அளவை மாற்றாதிருந்தோரை மட்டும் எடுத்துப் பார்க்கையில், சில மாதத்துக் குருதிச் சீனியை ஒருங்கே காட்டும் ஏ1சி என்னும் அளவு முதற் பிரிவில் 1.23 புள்ளியும், மற்றதில் 0.38 புள்ளியும் இறங்கியிருந்தது. வீகன் பிரிவினர் சராசரி 6.5 கிலோகிராம் மெலிந்தனர். மற்றையோர் அதிற் பாதியளவே மெலிந்தனர். பெற்ற நன்மையிற் பெரும்பகுதி உடல் மெலிந்தமையால் வந்ததெனக் கொள்வது பிழையாகாது.

இவ்வாய்விற் ‘கொழுப்புக் குறைந்த’ என்ற அடைமொழி கருதற்பாலது. பாலை நீக்கிவிட்டு அதனிடத்தில் தேங்காய்ப்பாலை முன்னிலும் இருமடங்கு சேர்ப்பவர் வீகன் என்னும் பெயருக்கு உரியவராகலாம். அவ்வாய்வின் பயனுக்கு உரியவராகார். தேங்காயெண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிரம்பிய கொழுப்பாகும்; நெய்யில் அதனிலும் குறைவே. வெள்ளைப் பச்சையரிசிச் சோறும், கோதுமைமா ரொட்டியும், சீனியிட்ட வெறுந்தேநீரும் விலங்குப்பொருள் சேராதனவே எனினும் நீரிழிவு நோயாளர்க்கு ஏற்ற உணவென்று எவரும் சொல்லார். தீட்டாத அரிசி, குரக்கன், பயறு, கடலை, கௌபி, இலைக்கறி ஆகியன இலையில் முதலிடம் பெற்றாலன்றிப் பாலை விலக்கியதனால் மட்டும் வரும் ஆதாயம் சிறிதே.

இருதய நாடியின் அடைப்பு உணவினாற் குறையும் என்பதற்குச் சான்றாக டீன் ஓர்னிஷ் 1990இல் வெளியிட்ட ஆய்வை வீகன் உணவினர் அடிக்கடி எடுத்துக்காட்டுவர். அவ்வாய்வில் உண்பிக்கப்பெற்ற உணவிற் கொழுப்பு நீக்கிய பாலும் தயிரும் சிறிதளவு இடம்பெற்றிருந்தன. உடற்பயிற்சி, புகைத்தலை ஒழித்தல், தியானம் என்பனவும் உடன் இருந்தன. அதனைப் பாலொழிந்த உணவின் தனி வெற்றியாகக் காட்டுதல் முறையன்று.

பார்ணாட்டின் ஆய்வில் வீகன் பிரிவினர்க்கு உணவோடு விற்றமின் பி12 குளிகையும் கொடுக்கப்பட்டது. இச்செய்தியை உணவுமுறையைப் புகழ்ந்துரைப்போர் பலர் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர். அக்குளிகை ஏன் வேண்டியதாயிற்று என்பதை அறிய, வீகன் என்னும் சொல் பிறந்த காலத்துக்குச் செல்லவேண்டும்.

1944 நவம்பரில் டொனால்ட் வாற்சன் என்னும் ஆங்கிலேயரும் அவரோடொத்த கருத்துடையோர் சிலரும் இலண்டனிற் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். மரக்கறியுணவினரைக் குறிக்கும் ‘வெஜிற்றேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டி அவர்கள் ‘வீகன்’ என்ற பெயரைப் படைத்தனர். அவர்களை உந்தியது அருளுணர்ச்சியே. உடல்நலம் பின்னரே பேசப்பட்டது. அவர்கள் பாலை விலக்கியபோது விற்றமின் பி12 என ஒன்று உண்டென்பதையே உலகம் அறியவில்லை. கொடிய குருதிச்சோகை ஒன்றுக்கு ஈரலை மிகுதியாக உண்பித்தல் மருந்தாகும் என்று 1926இல் மைனற், மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர் காட்டியிருந்தனர். ஈரலில் மறைந்திருந்த அம்மருந்து, செந்நிறப் பளிங்காக, 1948இலேயே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே காலத்திற் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அணுவமைப்பை எக்ஸ்கதிர்களாற் கண்டறிந்த டொறதி ஹொட்ச்கின் அம்மையார் 1964இல் நோபெல் பரிசு பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் வாற்சனின் வழிநின்றோர் சிலர்க்கு நாப்புண்ணும், கைகால் விறைப்பும் தோன்றின. 1955இல் வோக்ஸ் முதலிய ஆய்வாளர் அவற்றை இவ்விற்றமினின் குறைபாடென எழுதினர்.

விற்றமின் பி12ஐ விலங்கும் ஆக்குவதில்லை, தாவரமும் ஆக்குவதில்லை. பற்றீரியாக்களே அதனை ஆக்குவன. பசுவின் முதலிரைப்பையில் வாழும் பற்றீரியாக்கள் புல்லிலுள்ள கோபாற்று என்னும் உலோகத்தைக் கொண்டு அதனை ஆக்க, அது பசுவின் குருதியிற் சேர்ந்து பாலில் இறங்குகின்றது. மனிதனின் பெருங்குடலிலும் அத்தகைய பற்றீரியாக்கள் உள. ஆயின் அவ்விற்றமினை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைப்பகுதியாதலால், கீழே விளைவது மேலே பயன்படுவதில்லை. வயலுக்குக் கீழே வாய்க்கால் வெட்டிய கதையே அது. புளித்த தோசைமாவிலும் பழஞ்சோற்றிலும் இவ்விற்றமின் உண்டென்று சொல்வோர் உளர். நாடோறும் வேண்டிய அளவை அவற்றிலிருந்து பெறலாமென நம்புதற்கு இடமில்லை. சுருள்பாசி என்னும் ஸ்பிருலினாவில் இருப்பதும் பெரும்பாலும் உருவில் ஒத்து உடலுக்கு உதவாத போலிப் பொருளே. மாமைற்று முதலிய நொதிச்சாறுகளில் அஃது இருப்பின், ஆலையிற் சேர்க்கப்பட்டமையாலேயே இருக்கும். போத்தலின் சுட்டியைப் பார்த்தறிதல் வேண்டும்.

வளர்ந்தோர் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு வேண்டுவது 2.4 மைக்கிரோகிராம் என அமெரிக்கர் வகுத்துள்ளனர். ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய ஒரு மைக்கிரோகிராம் உண்டு. தேநீரில் விடும் சிறிது பாலோடு அமைபவர்க்கு இப்போதே அது போதாது. பாலுண்ணும் மரக்கறியுணவினரிடையேயும் இக்குறைபாடு அரிதன்று. எனினும் அது விரைவில் வெளிப்படுவதில்லை. இறைச்சியும் மீனும் உண்டவரின் ஈரலில் சில ஆண்டுகளுக்குப் போதிய சேமிப்பு உண்டு. விதைப்பை நிறுத்தியவன் களஞ்சியத்து நெல்லை உண்டு ‘குறையொன்றுமில்லை’ என்பதுபோல, உணவு மாறிய முதலாண்டில் அவர் நலமாகவே இருப்பர். வழிவழியாகச் சைவவுணவினரானவர் களஞ்சியத்தில் முதலிலேயே நெல் குறைவு. தாய் இவ்விற்றமின் குன்றியவளாயின், அவள் பாலையே நம்பும் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே மூளை வளர்ச்சி தடைப்படும். கருவுற்றவரும் பாலூட்டுவோரும் மருத்துவரைக் கேளாது இம்முறைக்கு மாறுதல் ஒருபோதும் தகாது.

சைவ வீட்டார்க்கே உரிய இடர் ஒன்றும் இங்குண்டு. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயற்றினம் ஆகியவற்றிற் போலேற்று என்னும் வேறொரு விற்றமின் மிகுந்துள்ளது. குருதிக் கலங்கள் முறையாக வளர்தற்கு இவ்விரு விற்றமினும் வேண்டும். போலேற்று மிகுந்திருப்பின், பி12 குன்றியபோதும் குருதிச்சோகை ஓரளவு வெளித்தோன்றாது மறையும். நரம்புக்கோ போலேற்று உதவாது. ஆகவே குருதிச் சோதனையிற் சோகை இல்லையென்று தேறியவர்க்கும் பாதத்தில் எறும்பூர்வது போன்ற உணர்வு, இருளில் நடக்கையில் தள்ளாட்டம், மறதி ஆகியன வந்து சேரலாம். நெடுங்காலம் கவனியாது விடின் நரம்புக்குற்ற கேடு முற்றாகத் திரும்புவதில்லை.

நீரிழிவு நோயாளரிடத்து இச்சிக்கல் இன்னும் முறுகும். அந்நோய்க்குப் பெரிதும் கொடுக்கப்படும் மெற்போமின் என்ற மருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் இயல்பினது. அன்றியும் கால் விறைப்பு நீரிழிவினாலும் வருவதொன்று. ஆகவே நோயைத் தணிக்கப் பாலை விட்டவர், மெற்போமினும் உட்கொண்டு, பி12 குன்றியதால் வந்த விறைப்பைச் ‘சீனி வருத்தத்தின்’ விளைவென்றே எண்ணி ஆண்டுக்கணக்கில் வாளா இருந்துவிடுதல் கூடும். உணவை மாற்றுமுன் ஒருமுறையும், பின் ஆண்டுதோறும் பி12 அளவைச் சோதிப்பித்தல் இவர்க்கு இன்றியமையாதது.

கல்சியத்தைப் பற்றிச் சிறிது கூறினால் அமையும். பிரித்தானியாவில் ஏறக்குறைய 55,000 பேரை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஒக்ஸ்போட் ஆய்வு, வீகன் உணவினர்க்கு எலும்புமுறிவு இறைச்சியுண்போரிலும் நூற்றுக்கு 43 பங்கு மிகுதி என 2020இற் கூறியது. உடல் மெலிவும், கல்சியமும் புரதமும் குறைந்தமையும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்பட்டன. நூறு கிராம் குரக்கனில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. எள்ளும் முருங்கையிலையும் துணைபுரியும். தேங்காய்ப்பால் நிறத்தில் மட்டுமே பாலை ஒக்கும். கல்சியத்திலும் புரதத்திலும் ஒவ்வாது.

பி12 குளிகையைப் பொறுத்தவரை அருளுணர்ச்சியுடையோர் தயங்க வேண்டியதில்லை. அஃது இப்போது ஈரலிலிருந்து எடுக்கப்படுவதன்று. பெருந்தொட்டிகளிற் பற்றீரியாக்களை வளர்த்து ஆக்கப்படுவது. வாற்சன் தொடக்கிய சங்கமே இன்று தன் உறுப்பினர்க்கு நாடோறும் 10 மைக்கிரோகிராம், அன்றேல் வாரத்துக்கு ஒருமுறை 2,000 மைக்கிரோகிராம் உட்கொள்ளுமாறு கூறுகின்றது. பத்தை ஏழாற் பெருக்கினால் எழுபதுதானே என்று மாணவர் வினவக்கூடும். இரைப்பை சுரக்கும் ஒருவகைப் புரதம் பி12ஐப் பற்றிச் செல்லும். அஃது ஒருவேளையில் இரண்டு மைக்கிரோகிராம் அளவையே சுமக்க வல்லது. எஞ்சியதில் நூற்றுக்கு ஒரு பங்கே தானாகக் குடற்சுவரைக் கடந்து குருதியை அடையும். ஆதலின் வாரக் குளிகையின் 2,000 மைக்கிரோகிராமில் உடலிற் சேர்வது ஏறக்குறைய இருபதே.