வாசலைத் தேடி வரும் வைத்தியம்

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதியைச் சேவித்துத் திரும்புகிறவர்களில் பலருக்கு, அச்சந்நிதிக்கு ஓர் ஆரோக்கியசாலையோடு சம்பந்தம் உண்டென்பது தெரியாது. படையெடுப்பில் பாழ்பட்டுக் கிடந்த அச்சாலையைக் கருடவாகன பட்டர் 1493-ஆம் ஆண்டில் புதுப்பித்து, அதில் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணினார் என்று கோயிற் கல்வெட்டு கூறுகிறது. அக்காலத்தில் வைத்தியம் இருந்த இடத்தில் இருந்தது. நடக்க முடிந்த நோயாளி அதைத் தேடி வந்தான். நடக்க முடியாதவன் என்ன ஆனான் என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை.

அந்த மனிதனுக்காகத்தான் 1946-இல் போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, நோய்த் தடுப்பும் சிகிச்சையும் ஒன்றாகக் கிராமத்துக்குள் செல்ல வேண்டுமென்று எழுதிற்று. ஆரம்ப சுகாதார நிலையங்கள் அவ்வழி பிறந்தவை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையமும் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையமும், மலையில் 20,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒவ்வொன்றும் என்பது இன்றைய விதி. காகிதத்தில் இது நியாயமான கணக்கு. ஆனால் துறையூருக்கு அப்பால் பச்சைமலையில் அந்த 3,000 பேர் ஓர் ஊரில் இல்லை. சரிவு சரிவாகச் சிதறிய சிற்றூர்களில் இருக்கிறார்கள்.

ஜனங்கள் ‘நர்ஸம்மா’ என்றழைக்கும் கிராம சுகாதார செவிலியரின் புதன்கிழமையைப் பாருங்கள். தோளில் தொங்கும் தடுப்பூசிப் பெட்டிக்குள் பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சி குன்றாமல் இருக்க வேண்டும். கரைத்த தட்டம்மைத் தடுப்பு மருந்தை 4 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது. களையெடுக்கப் போன தாய் அந்தி சாய்ந்து திரும்பினால், அந்தக் குழந்தைக்கு அந்தப் புதன் வீண். தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய கூலிதான் அன்றைய அடுப்பு.

சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இன்னும் சங்கடமானவை. காய்ச்சல் மனிதனைப் படுக்கவைத்து வைத்தியரை நினைவூட்டும். இவையோ வலியில்லாமல் வாழ்நாள் முழுதும் மாத்திரை கேட்கும். அந்தநல்லூர்ப் பக்கம் வாழைத்தோட்டத்துக்கு விடியலில் இறங்கும் கூலியாளுக்கு, காலை நேரப் புறநோயாளர் வரிசை ஒரு நாள் சம்பளத்தை விழுங்குகிறது. ஆகவே ஒரு மாதம் விடுகிறான், பிறகு பழகிவிடுகிறது, பக்கவாதம் வந்தபின் திருச்சி அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். இம்முடிச்சை அவிழ்க்கவே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 5.8.2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிற்று. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கே சென்று இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். இத்தகைய பணிக்குச் சம்பளமின்றி ஊக்கத்தொகை மட்டும் தருவது நியாயமாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

துறையூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், அத்தகைய பெண்ணொருத்தி திண்ணையிலிருந்த கிழவியின் புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். போன மாதத்து மாத்திரை அட்டை, கூரைச் செருகலில் பாதி தீராமல் இருந்தது.

“ஏன் ஆயா, போடலையா?”

“உடம்புதான் நல்லாருக்கேம்மா. தீந்துபோனா மறுபடி யாரு தருவான்னு வச்சிருக்கேன்.”

அவள் கடிந்துகொள்ளவில்லை. புதிய அட்டையைக் கிழவியின் கையில் வைத்து, “நாந்தான் மாசாமாசம் வர்றேன்ல?” என்று சொல்லிவிட்டு, சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள்; ஒரு மாத்திரை உள்ளே இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.